ஃப்னூ என்ற பெண்ணும் ஏழு ஆண்டு மருத்துவப் படிப்பும்

என் மகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிகிற கையோடு அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்தையும் மருத்துவப் பட்டத்தையும் ஒரே சேர்க்கையில் தரும் ஏழு ஆண்டு பி.எஸ்.-எம்.டி. திட்டத்தில் இடம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. வாழ்த்துச் சொல்ல அழைக்கிறவர்கள் எல்லாரும் எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் எவ்வளவு, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தர ஏ.பி. பாடங்கள் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். அதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். விண்ணப்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது மதிப்பெண் அல்ல. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, சென்னையில் பாஸ்போர்ட் படிவத்தில் நான் காலியாக விட்ட ஒரு கட்டம்.

‘குடும்பப் பெயர்’ என்று அந்தக் கட்டத்தில் கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து அடுத்த கட்டத்தில் எழுதிவிட்டு வந்தேன். அமெரிக்க விசா வந்தபோது முழுப்பெயரும் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து. ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாம். விசாவைப் பார்த்துப் பள்ளியில் பதிந்தார்கள். பிறகு கிரீன் கார்டிலும் அதுவே ஏறியது. நியூ ஜெர்சியில் பள்ளியின் முதல் நாள் ஆசிரியை வருகைப் பதிவை எடுத்து “ஃப்னூ” என்று கூப்பிட்டாராம். வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றே வக்கீலைப் பார்த்திருக்க வேண்டும்.

கல்லூரிப் பட்டியல் போட்டது பெரிய கதை இல்லை. இணையத்தில் சுற்றும் பழைய பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் திட்டம் எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டது. நண்பர் ஒருவர் அனுப்பிய பட்டியலில் அதுதான் முதலிடத்தில் இருந்தது. மிசௌரி-கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டு, பிரவுனில் எட்டு ஆண்டு, மற்றவை ஏழா எட்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் நுழைவுத் தேர்வு பிரவுன் திட்டத்துக்குத் தேவையில்லை. வேறு சில இடங்களில் எழுதுவது மட்டுமல்ல, குறிப்பிட்ட மதிப்பெண்ணும் எடுத்தாக வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் பிள்ளை இருந்தால் இவற்றுக்கெல்லாம் முன்பு வேறொன்றைப் பாருங்கள்: பல திட்டங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. எங்களுக்குக் கார்டு கைக்கு வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வராமல் இருந்திருந்தால் பட்டியலில் பாதி அங்கேயே உதிர்ந்திருக்கும்.

முதல் அடி மருத்துவமனையில் விழுந்தது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் தன்னார்வலராகச் சேரப் போனாள். இந்த அனுபவம் இல்லாமல் எந்தத் திட்டமும் திரும்பிப் பார்க்காது. காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் என்று முன்கையில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஊசி போட்ட இடம் நாலணா அகலத்துக்குத் தடித்துச் சிவந்திருந்தது. ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிட்டார்கள். இந்தியாவில் பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போடுவார்கள், அதனாலும் இப்படி வீங்கும் என்று இடது தோளில் இருந்த தழும்பைக் காட்டிச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் தழும்பையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எடுத்தோம், ஒன்றுமில்லை. மருத்துவர் கடிதம் வேண்டும் என்றார்கள். வாங்கிக் கொடுப்பதற்குள் அந்தக் கோடைக்கான இடங்கள் நிரம்பிவிட்டன.

இதற்கு இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, பி.சி.ஜி. போட்டதால் அதில் தவறான பாசிட்டிவ் வராது என்று இலையுதிர் காலத்தில் வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த செவிலியர்தான் சொன்னார். கால் மணி நேரம் உட்கார வைத்து, தோலில் போடும் ஊசி தடுப்பூசியையும் நோயையும் பிரித்தறியாமல் ஏன் ஏமாறுகிறது என்று அவளுக்கு விளக்கினார். நான் வண்டி நிறுத்தக் கட்டணம் ஏறுகிறதே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் கழித்து விண்ணப்பத்துக்கான ‘ஏன் மருத்துவம்?’ கட்டுரையில் அவள் எழுதியது அந்தக் கால் மணி நேரத்தைத்தான். பாட்டி மருத்துவமனையில் கிடந்ததை எழுது, அதுதான் மனதைத் தொடும் என்று நான் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நல்லவேளை.

விண்ணப்பிக்க நவம்பர் 1 கடைசி நாள். அக்டோபரிலேயே எல்லாம் அனுப்பியாயிற்று. எஸ்.ஏ.டி.க்கு அவள் தன் பெயரை முதற்பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் கொடுத்திருந்தாள். இயல்பாக யாரும் செய்வதுதான். பள்ளி அனுப்பிய மதிப்பெண் பட்டியலிலோ ஃப்னூ. ஒரு கல்லூரியின் கணினி இந்த இரண்டு பெயரையும் இரண்டு மாணவிகளாக எடுத்துக்கொண்டது. ஒருத்தி தேர்வு எழுதியிருக்கிறாள், விண்ணப்பிக்கவில்லை. இன்னொருத்தி விண்ணப்பித்திருக்கிறாள், தேர்வு எழுதவில்லை. நவம்பர் 7 அன்று மின்னஞ்சல் வந்தது: விண்ணப்பம் முழுமையாக இல்லை, 15ஆம் தேதிக்குள் மதிப்பெண் வந்து சேராவிட்டால் மருத்துவத் திட்டத்துக்குப் பரிசீலிக்க மாட்டோம்.

திங்கட்கிழமை தொலைபேசியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் அம்மையார் எடுத்தார். முதற்பெயர் என்ன என்றார். எஃப்.என்.யூ. என்றேன். எந்த நாட்டுப் பெயர் என்று கேட்டார். உங்கள் அரசாங்கம் வைத்த பெயர்தான் அம்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாளை அசல் ஆவணங்களோடு நேரில் வாருங்கள் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட், கிரீன் கார்டு, சென்னை மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். கதவு பூட்டியிருந்தது. 2025 நவம்பர் 11, முன்னாள் படைவீரர் தினம். என் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை இல்லை, எனக்கு நினைவில்லை. அந்த அம்மையாருக்குமா தெரியாது? திரும்பும் வழியில் சுங்கச்சாவடியில் கட்டிய காசுகூட இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் காரியத்தை முடித்தது பள்ளி கவுன்சிலரின் இரண்டு வரிக் கடிதம். இரண்டு பெயரும் ஒரே மாணவிதான் என்று பள்ளித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். அதையே நானும் உறுதிமொழியாக எழுதி வங்கியில் நோட்டரி முத்திரை வாங்கினேன். மின்னஞ்சலின் தலைப்பில் பெயரே போடாமல் பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தின் எண்ணையும் பிறந்த தேதியையும் மட்டும் போட்டு இரண்டையும் அனுப்பினோம். அன்று மாலையே இணையத்தில் அவளுடைய விண்ணப்பக் கணக்கில் பச்சைக் குறி விழுந்தது. பெயரை வைத்துத் தேடச் சொல்லாதீர்கள், எண்ணைக் கொடுங்கள். அந்தக் கடிதத்தை ஆகஸ்டிலேயே வாங்கி எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பியிருந்தால் எனக்கு ஒரு நாள் விடுப்பும் இரண்டு வாரத் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

நேர்முகத் தேர்வு இணையவழியில் நடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதிய ஆள். படிக்க இரண்டு நிமிடம், பேசச் சில நிமிடம், மணி அடித்தால் அடுத்தவர். அன்று வீட்டில் குக்கர் வைக்கவில்லை. என்ன கேட்டார்கள் என்று வெளியே சொல்லக் கூடாதென்று உறுதி வாங்கியிருக்கிறார்களாம். இன்றுவரை எங்களிடமும் சொல்லவில்லை.

மார்ச்சில் இடம் கிடைத்தது. மாநிலத்துக்குள்ளேயே கிடைத்ததில் எனக்கு இரட்டை நிம்மதி. 2026 ஜூலை முதல் மருத்துவ மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று கட்டுப்படுத்தப்படுகிறது. புகழுக்காகத் தொலைதூரத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் கணக்குப் போடட்டும். இடமும் நிபந்தனையோடுதான்: சராசரி மதிப்பெண் கொஞ்சம் இறங்கினாலும் மருத்துவக் கல்லூரி கையைவிட்டுப் போய்விடும்.

பெயர் மாற்றத்துக்கு நீதிமன்றத்தில் மனு போட்டாயிற்று. நேற்று கல்லூரியிலிருந்து சுகாதாரப் படிவம் வந்தது, ஃப்னூவின் பெயருக்குத்தான். காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் என்று அதில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் இன்று காலையிலேயே பேசிவிட்டேன்.