இல்லை என்று சொல்லாமல் வேளாங்கண்ணிக்கு

தம்பி நான்கு வயது வரை பேசவில்லை. இப்போது கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தால் வைக்கவே மாட்டான், அது வேறு கதை. அவன் வாய் திறந்து "அம்மா" என்று சொன்னால் தஞ்சாவூரிலிருந்து நடந்தே வருகிறேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டது 1994ல். அவன் பேசிவிட்டான். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அவர் காலமானது, எங்கள் கல்யாணங்கள், கடைசியாக அம்மாவின் முழங்கால். முப்பது வருடம் ஓடிவிட்டது.

"நீ போய்ட்டு வா" என்றார் அம்மா போன ஆகஸ்டில். கூடவே ஒரு நிபந்தனை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும் வரை யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது.

இது எப்போது நேர்ந்தது என்று கேட்டேன். முப்பது வருடத்துக்கு வட்டி என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்து சொன்னதில் சிரிப்பு இல்லை. "நடுத்திட்டுல மாதா மோர் கேட்டப்ப, விக்க வச்சிருக்கேன், குடுக்க முடியாதுன்னு அந்த நொண்டிப் பையன் சொல்லியிருந்தா?" வேளாங்கண்ணியில் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற பையனிடம், மாதா கையில் குழந்தையோடு வந்து மோர் கேட்டதாகச் சொல்வார்களே, அந்தக் கதை.

அம்மா பிறந்ததும் 1962, திருத்தந்தை 23ஆம் யோவான் வேளாங்கண்ணிக் கோவிலைப் பேராலயமாக உயர்த்தியதும் 1962. அதனால் அது தன் வயதுக் கோவில் என்பது அம்மாவின் கணக்கு. கோவில் பல நூறு வருடம் பழசு என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இந்த ஆளிடம் நிபந்தனையைப் பற்றி வாதாட முடியுமா?

பத்து ரூபாய் நாணயமாக ஆயிரம் ரூபாய் மாற்றிக்கொண்டேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் அதை வாங்க யோசிப்பார்கள், வழியில் கேட்கிறவர்கள் யோசிக்கவில்லை. காவிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, முப்பது பேர் கொண்ட எங்கள் பங்குக் குழு, முன்னால் சீரியல் லைட் போட்ட சப்பரம். செப்டம்பர் 2 இரவு கிளம்பினோம். 90 கிலோமீட்டருக்கு மேல், மூன்று ராத்திரி.

முதல் ராத்திரி அம்மாப்பேட்டை தாண்டுவதற்குள் என் வலி மருந்து ட்யூப் நசுங்கிக் காலியாகிவிட்டது. ஒவ்வொருவராக "அக்கா, கொஞ்சம்" என்று கேட்டார்கள். நீடாமங்கலத்தில் பாய் போனது, ஒரு பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டு அதில் காலை நீட்டிப் படுத்து, விடியும் வரை குறட்டை. நான் துண்டை விரித்துப் படுத்தேன். புண்ணியம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை, எரிச்சல்தான். அம்மா மேல், பாட்டி மேல், மோர் கேட்ட மாதா மேலும் கொஞ்சம்.

கொரடாச்சேரிக்கு முன்னால் சாலையோரம் ஒரு ஓட்டு வீடு. வாசலில் எவர்சில்வர் அண்டா, ஈரத்துணி சுற்றியிருந்தது. நெற்றி நிறைய விபூதி வைத்த அம்மா ஒருவர் போகிற வருகிற எல்லாருக்கும் மோர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கையால் கசக்கிவிட்ட மோர். ஒரு டம்ளர் குடித்ததும் கேட்காமலே இன்னொன்று ஊற்றினார். பச்சைத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து ஒரு வாளியும் வைத்திருந்தார், கால் நனைக்க. வருஷா வருஷம் வைப்பாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "திரும்பி இந்த வழியாத்தானே பஸ்ல போவீங்க? மாதா குளத்துத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாந்து தர்றீங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கடைசி ராத்திரி நாகப்பட்டினம் தாண்டிய பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். மணி மூன்று இருக்கும். குதிகால் கொப்புளம் உடைந்து, கட்டியிருந்த துணி ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வந்தது. வேறு ஏதோ குழுவில் வந்த சின்னப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டு. இன்னொரு கையில் பை.

"அக்கா, கொஞ்ச தூரம் பிள்ளைய வச்சுக்கிறீங்களா? கை விட்டுப் போச்சு."

"முடியலம்மா, நானே நொண்டிக்கிட்டு வர்றேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள், அப்புறம் பின்தங்கிவிட்டாள். பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் சாலை முழுக்கக் காவி. எங்கே தேட?

வேளாங்கண்ணிக்குள் நுழைந்ததும் லாட்ஜ் புரோக்கர்கள் மொய்த்துக்கொண்டார்கள். திருவிழாக் காலம், அறைக்கு அவர்கள் சொன்ன வாடகையை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது. மெழுகுவர்த்தி விற்கும் பையன் ஆள் உயர மெழுகுவர்த்தியை என் பக்கத்தில் நிறுத்தி அளவு பார்த்தே விட்டான். அம்மாவுக்குப் போன் போட்டேன். "விக்கிறவன் கேக்கலடி, விக்கிறான். அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லலாம்" என்று தீர்ப்பு வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் ஒரு சின்ன மெழுகுவர்த்தி வாங்கினேன்.

இரண்டரை மணி நேர வரிசை. பின்னால் நின்ற குடும்பம் தள்ளுவதையே ஜெபமாக வைத்திருந்தது. எனக்கு ஒரு பட்டியல் இருந்தது. அம்மாவின் முழங்கால், மகளின் பிளஸ் டூ, வீட்டுக் கடன், தம்பிக்காக நன்றி. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்தது.

மாதா முன்னால் வந்தேன். பூமாலைகளுக்கு நடுவில் அந்த முகம். சின்ன வயதிலிருந்து எத்தனை படத்தில், எத்தனை முறை பார்த்தது. ஆனால் அன்று கண் முகத்தில் நிற்கவில்லை, கைக்குப் போனது. கையில் குழந்தை.

பட்டியல் மொத்தமும் மறந்துவிட்டது. அந்தப் பிள்ளையை யார் தூக்கினார்களோ, அது மட்டும்தான் வாயில் வந்தது. சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "நகருங்க, நகருங்க" என்று தொண்டர் முதுகில் கை வைத்தார். நகர்ந்தேன். வெளியே தூண் ஓரம் உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை அது, எப்படிச் சொல்வது, திட்டு வாங்கிய பிள்ளையைப் பிறகு மடியில் போட்டுக்கொள்வார்களே, அந்த அழுகை.

மணல்பாதையில் முழங்காலில் நகர்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகவே நடந்து மாதா குளத்துக்குப் போனேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். அப்புறம் நடுத்திட்டுக் கோவில். எனக்கு எப்போதும் பிடித்த இடம் அதுதான். கூட்டம் குறைவு என்பதற்காக இல்லை, அன்று அங்கேயும் கூட்டம்தான். நடக்க முடியாத ஒரு பையன் வெயிலில் உட்கார்ந்து மோர் விற்ற இடம். கேட்டது யார் என்று தெரியாமல்தான் அவன் கொடுத்தான். மாதாவே, தம்பியின் வாயைத் திறந்தவளே, என் அம்மாவை முப்பது வருடம் காத்திருக்க வைத்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவளே, ட்யூபுக்கும் பாய்க்கும் அந்த மஞ்சள் தண்ணீருக்கும் நன்றி. உனக்கு நான் சொன்ன ஒரே "முடியலம்மா"வுக்கு மன்னிப்பு. என்னென்னவோ சொன்னேன். மரியே வாழ்க, மரியே வாழ்க என்று மற்றவர்கள் சொல்லும்போது கூடச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. திருவாரூரில்தான் உட்கார இடம் கிடைத்தது, ஜன்னலோரம் வேறு. கொரடாச்சேரி வந்தபோது எழுந்திருக்க மனமே வரவில்லை. குதிகால் வீங்கியிருந்தது. ஒரு பாட்டில் தண்ணீருக்காகவா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. எழுந்தேன். கண்டக்டர், "தஞ்சாவூருக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

ஓட்டு வீட்டு வாசலில் அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. அந்த அம்மாவுக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பாட்டிலை நீட்டியதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். "கேட்டா எல்லாரும் சரின்னுதான் சொல்லிட்டுப் போவாங்க" என்றார், கண்ணில் ஒற்றிக்கொண்டே. சுவரில் சிக்கல் சிங்காரவேலர் காலண்டர். அதற்குக் கீழே மாடத்தில் பாட்டிலை வைத்தார்.

"மோர் தீந்துபோச்சு. இருங்க, காப்பி போடுறேன், குடிச்சிட்டுத்தான் போகணும்."

வெளியே அடுத்த பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் இன்னும் வீடு போய்ச் சேரவில்லையே. திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.