குறட்டையும் கட்டுவிரியனும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸுக்கு, நினைவில்லாத நோயாளி என்றதும் சில காரணங்கள் வரிசையாக மனதில் ஓடும். தொப்பூர் கணவாயில் அடிபட்டிருக்கலாம், பூச்சிமருந்து குடித்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், காட்டுக்கொட்டாயில் தரையில் படுத்தவரைப் பாம்பு கடித்திருக்கலாம். ஸ்ட்ரெச்சரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் கிடப்பார்கள்.

"நல்லா தூங்கறாருங்க சிஸ்டர், கொறட்டைகூட விடறாரு" என்று கூட வந்தவர்கள் நிம்மதியாகச் சொல்லும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கிற சத்தம் அது. விபத்து என்றால் கழுத்தைத் திருப்பாமல் தாடையை முன்னால் தூக்கிப் பிடித்து, வாயில் சேர்ந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுக்க சக்ஷன் போட வேண்டும். வாயில் சாராய வாடை அடித்தால் 'போதை தெளிஞ்சா எந்திரிச்சிடுவார்' என்று விட்டுவிடுவது பெரிய ஆபத்து. குடித்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியலாம், சர்க்கரை இறங்கலாம். விரல் நுனியில் ஒரு குத்து, குளுக்கோமீட்டர் சொல்லிவிடும். அதைச் செய்யாமல் வேறு எதைப் பேசியும் பயனில்லை.

அப்புறம் ஜிசிஎஸ். கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்ட, நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் அளவுகோல். கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15, குறைந்தபட்சம் 3. டியூட்டி மாறும்போது 'ஜிசிஎஸ் 9' என்று மட்டும் சொல்லிப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். கண் 2, பேச்சு 2, அசைவு 5 என்றாலும் 9தான். கண் 4, பேச்சு 1, அசைவு 4 என்றாலும் 9தான். தோள்பட்டைத் தசையை அழுத்திக் கிள்ளும்போது அவர் கை மேலே வந்து என் கையைத் தட்டிவிடுகிறதா, இல்லை வெறுமனே மடங்கி விலகுகிறதா? முன்னது 5, பின்னது 4. போன முறை தட்டிவிட்டவர் இந்த முறை மடக்க மட்டும் செய்தால், மற்ற எண்கள் அப்படியே இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன்.

பேச்சுக்கு மார்க் போடுவதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழி. ஓசூர் கம்பெனிகளுக்கு வந்தவர்களுக்கு இந்தி. 'பேர் என்ன, இது எந்த ஊர்' என்று தமிழில் கேட்டுவிட்டு 'குழப்பம்' என்று எழுதினால் குழப்பம் யாருக்கு? வெறும் முனகல் என்று 2 போடப்பட்டிருந்த ஒரு பெரியவர், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தது பெருக்க வந்த ஆயாம்மா.

கட்டுவிரியன் கடி இன்னும் மோசம். ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்பார்கள், பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசையும் செயலிழக்கும். வென்டிலேட்டரில் கிடக்கும் அவருக்கு ஜிசிஎஸ் பார்த்தால் 3 வரலாம். கண்மணிகூட விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கலாம். ஆனால் உள்ளே முழு நினைவோடு இருப்பார், காது கேட்கும். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று 'தேறுவது கஷ்டம்' என்று பேசுபவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். ஊசி போடும்முன், புரட்டும்முன், "அண்ணா, இடது பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டே செய்வேன். இமை மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுவோம்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு நேர்மாறு. கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கியிருக்கும். மாற்றுமருந்தான அட்ரோபின் ஏற ஏற விரியும். அளவு கூடிப்போனால் போர்வையைப் பிய்த்துக்கொண்டு உளறுவார். வீட்டார் அதை 'நினைவு திரும்பிடுச்சு' என்று எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டாரிடம் நடக்கும் பெரிய இழுபறி தண்ணீருக்குத்தான். "ஒரு வாய் கூழாச்சும் கரைச்சு ஊத்தட்டுமா?" என்று தூக்குப் போசியோடு நிற்பார்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்றால் முகம் வாடும். அதனால் வேறு வேலை கொடுத்துவிடுவேன்: ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பது, விரல்களை மடக்கி நீட்டுவது, வீட்டுக் கதை பேசுவது. சிலர் மாட்டைப் பற்றி, மாங்காய் விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். சத்தம் போடாதீங்க என்று செக்யூரிட்டி வந்தால் அவரைச் சமாளிப்பது என் பொறுப்பு.