ரத்தம் எடுக்காத ஆய்வுக்கு ரத்தப் படிவம்

நீலகிரியில் களப்பணி அனுமதி வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அங்குள்ள தோடர் பழங்குடிப் பெண்கள் பச்சை குத்திக்கொண்டது, கூந்தலைச் சுருள் சுருளாக விட்டது, பெரியவர் பாதத்தை நெற்றியில் ஏந்தி வணங்குவது ஆகியவை தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறின என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பில் ‘உடல்’ என்று போட்டிருந்தேன். வினை அங்கேதான்.

பதிவு, நெறியாளர் கடிதம் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. ஊட்டியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் தலைப்பைப் பார்த்ததும் கோப்பை மருத்துவப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி மலையேறிப் போனால் ஒரு படிவத்தை நீட்டினார். எத்தனை மில்லி ரத்தம், எங்கே சேமிப்பு, எப்போது அழிப்பு?

“சார், நான் பேசத்தான் போகிறேன்.”

“பிறகு உடல் என்று ஏன் போட்டீர்கள்?”

அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் இறங்கி வரும்போதுதான் உறைத்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இம்மலை மக்களின் மூக்கு அகலத்தையும் நீளத்தையும் கருவி வைத்து அளந்து விகிதம் போட்டார். 1901-02இல் வந்த ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களின் கண்பார்வையையும் நிற உணர்வையும் சோதித்தார். உடல் என்றால் அளக்கும் பொருள் என்ற பழக்கம் இன்னும் கோப்புகளில் உட்கார்ந்திருக்கிறது.

இனிப் போகிறவர்கள் தலைப்பில் ‘உடல்சார் வழக்கங்கள்’ என்று எழுதுங்கள். “ரத்தம், முடி, உமிழ்நீர், உடல் அளவு எதுவும் எடுக்கப்படாது” என்ற வரியை முதல் பக்கத்திலேயே போட்டு, நெறியாளரின் கையொப்பத்தோடு முத்திரையும் வாங்கிவிடுங்கள். முத்திரை இல்லாததால் எனக்கு ஒரு பயணம் வீணானது.

வாய்மொழி ஒப்புதலுக்கும் அப்போதே அனுமதி கேளுங்கள். நான் கேட்கவில்லை. மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், ஒரு பாட்டி கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். “காகிதத்தில் விரல் வைத்தால் நிலம் போகும் கண்ணு” என்றார். அதற்காக இன்னொரு முறை அலுவலகம், இன்னொரு மூன்று வாரம்.

திரும்பிப் போனபோது பாட்டி முதலில் கேட்டது, “அளவு நாடா கொண்டுவந்தாயா?” இல்லை என்றேன். பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வையை விலக்கிக் கையை என் மடியில் வைத்தார். கரும்பச்சைப் புள்ளிகள், வரிசையாக. தோல் சுருங்கிய இடத்தில் இரண்டு ஒன்றாகிவிட்டிருந்தன. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்று பாட்டியும் மகளும் சண்டை போட்டார்கள். ஒலிப்பதிவில் ஒப்புதலுக்கு அடுத்து இருப்பது அந்தச் சண்டைதான்.