21 வோல்ட்டை நம்பாதீங்க

உச்சி வெயில். கேரவன் கூரையில் சோலார் பேனல் பளபளன்னு கிடக்குது. பேட்டரியில் 12.1 வோல்ட்தான்.

பேனல் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வெச்சா, 21 வோல்ட்!

இதைப் பார்த்துட்டுத்தான் பலரும் "பேனல் நல்லாத்தான் இருக்கு, பேட்டரி போச்சு"ன்னு புது பேட்டரி வாங்கிடறாங்க. மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

லோடு, அதாவது கரண்ட் இழுக்கிற எதுவும் இல்லாதப்போ காட்டுற வோல்ட் பாதிக் கதைதான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலரில் மாட்டி கரண்ட்டைப் பார்த்தேன். அரை ஆம்பியர்கூட இல்லை. 100 வாட் பேனல், இந்த வெயிலுக்கு நாலஞ்சு ஆம்பியராவது தரணும்.

நிழல் இல்லை, தூசி இல்லை. பேனலைத் துணியால் மூடிட்டு பேனல் வயரை இணைக்கிற எம்சி4 கனெக்டரைப் பிரிச்சேன். பின்னைச் சுத்திப் பச்சைக் களிம்பு பூத்து, ரப்பர் வளையம் வெடிச்சிருந்தது. மழைத்தண்ணி அந்த வழியாத்தான் இறங்கியிருக்கு.

அதை வெட்டிட்டுப் புதுக் கனெக்டரை வயரில் கிரிம்ப் பண்ணதும் (அழுத்திப் பொருத்தினதும்) 4.8 ஆம்பியர். அப்படி ஒரு சந்தோஷம்!

ஒரே கவலை, லெட் ஆசிட் பேட்டரி அரைகுறை சார்ஜில் ரொம்ப நாள் கிடந்தா தகட்டில் சல்பேட் இறுகிடும். முழுசா ஏறினதும் ஒரு ராத்திரி லோடு இல்லாம விட்டு அளக்கணும். 12.6 வோல்ட் நின்னா நல்ல அறிகுறி. ஆனா இதுவும் லோடு இல்லாத வோல்ட்தான்; லோடு போட்டும் தாங்கினாத்தான் பேட்டரி தப்பிச்சுதுன்னு சொல்லலாம்.