'வேற வழியில்ல' என்கிற வாக்கியம்
மும்பையில் மாதுங்கா, தாராவிப் பக்கம் நம்மாட்கள் பேச்சில் அடிக்கடி காதில் விழுவது: "என்ன பண்றது, வேற வழியில்ல." பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-இல் வெளியிட்ட 'இருத்தலும் இன்மையும்' படிக்கத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள். வாடகை, அப்பாவின் மருந்துச் செலவு, பிறந்த ஊர், வயது எல்லாம் நமக்குத் தரப்பட்டவை. "அதனால 8.12 லோக்கலைப் புடிச்சு அதே வேலைக்குப் போறேன்" என்பது தேர்வு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பதைத்தான் சார்த்தர் சுயவஞ்சனை, அதாவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது, என்கிறார். அவர் காட்டும் கஃபே சர்வரைப் பாருங்கள். நடை கொஞ்சம் கூடுதல் வேகம், குனிவதில் கொஞ்சம் கூடுதல் ஆர்வம். மேசை மேசைதான், அதற்குத் தேர்வு கிடையாது. அதுபோலவே தானும் சர்வர் மட்டும்தான் என்று நடித்துப் பார்க்கிறார்.

பலர் தவறவிடுவது மறுபக்கம். வாடகையே இல்லாததுபோல "நினைச்சா எதுவும் முடியும்" என்பதும் அதே வஞ்சனைதான். மோட்டிவேஷன் பேச்சாளர்கள் இருத்தலியத்தை, அதாவது சார்த்தரின் இந்தச் சிந்தனையை, கெடுப்பது இங்கேதான், எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

1947-இல் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான சிமோன் த பூவா இதைச் சரியாகப் பிடித்தார்: வேறு வழி இருப்பதே தெரியாதபடி அடைத்துவைக்கப்பட்டவரிடம் போய் "நீதானே தேர்ந்தெடுத்தாய்" என்று சொல்ல முடியாது. அங்கே பொறுப்பு அடைத்துவைத்தவருடையது.