சேற்றுக்குள் இருக்கும் காடு

போன மாசியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் மண் எடுக்கப் போனோம். நான் மண் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது கிள்ளைப் பக்கம். சின்ன வயதிலிருந்து படகில் சுற்றிய காடுதான். ஆனால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

நீளவாக்கில் பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி ஒரு எஃகுத் துளைப்பான், மேலே குறுக்காகக் கைப்பிடி. கருவி அவ்வளவுதான். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கினோம். முழங்கால் வரை சேறு. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் சத்தமில்லாமல் இறங்குகிறது. வெளியே இழுப்பதற்குத்தான் மூச்சு முட்டுகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு மண் வந்தது. மேலே ஒரு விரற்கடை பழுப்பு, அதற்குக் கீழே ஒரே கறுப்பு. அழுகிய முட்டை வாடை. விரலால் பிரித்தால் நார் நாராக வேர், ஒரு சிப்பித் துண்டு, அப்புறம் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு இலைத் துணுக்கு. நரம்பு தெரிந்தது. எங்கள் வாசலில் விழும் வேப்பிலை ஒரு மழைக்காலம் தாங்காது. இந்த இலை எத்தனை வருடமாக அங்கே கிடக்கிறதோ!

காரணம், அந்தச் சேற்றில் காற்று இல்லை. மேலே சில மில்லிமீட்டருக்குத்தான் ஆக்சிஜன் போகும். அதற்குக் கீழே இலையையும் வேரையும் தின்னும் நுண்ணுயிரிகள் கடல்நீரில் உள்ள சல்பேட்டை வைத்துத்தான் பிழைக்கின்றன. வேலை மெதுவாக நடக்கிறது. அந்த வாடையும் அதனால் வருவதுதான். நன்னீர்ச் சதுப்பில் இதே மாதிரி காற்றில்லாத சேற்றில், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு நிறைய உண்டாகும். உப்புச் சேற்றில் சல்பேட் இருப்பதால் அது பெருமளவு அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு கடல் ஏற்றமும் வண்டல் கொண்டு வந்து மேலே போர்த்திவிட்டுப் போகிறது. மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் இப்படி அடுக்கடுக்காகப் புதைகிறது. 2009-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை இதற்கு நீலக் கார்பன் என்று பெயர் வைத்தது.

அந்த மண்ணை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உலர்த்தி, அரைத்து, உலையில் 450 டிகிரியில் எரிப்போம். கறுப்பாக உள்ளே போனது செங்கல் பொடி நிறத்தில் வெளியே வரும். குறைந்த எடையை வைத்துக் கார்பனைக் கணக்கிடுகிறோம். 2011-ல் இந்தோ பசிபிக் பகுதியின் 25 காடுகளை அளந்த ஓர் ஆய்வில், ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்குச் சற்று மேல் கார்பன் இருந்தது. அதில் பெரும்பங்கு மண்ணில். நெடுநெடுவென்று வளர்ந்த காடுகளும் சேர்ந்த சராசரி அது, பிச்சாவரத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் கார்பன் மரத்தைவிடச் சேற்றில் அதிகம் என்பது எனக்கு மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "அதனாலதான் நாங்க தண்ணிக்கு வழி வெட்டினோம்" என்றார்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் வெயில் நேராக மண்ணில் அடித்தது. ஈரம் வற்றி மண் அமுங்கிப் பள்ளமானது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் நின்று, உப்பு ஏறி, விதை விழுந்தாலும் பிழைக்காத பொட்டலாகிவிட்டது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள். மண்வெட்டி பிடித்தவர்களில் அப்பாவும் ஒருவர். தண்ணீர் போய் வந்தது, உப்பு கழுவிப் போனது, கரைச் சரிவில் நட்ட கண்டல் என்ற அலையாத்தி மரம் நின்றது.

இதனால்தான் கன்று நடும் விழாக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் ஊருக்கு அந்தாண்டை ஓர் அமைப்பு தண்ணீர் ஏறாத மேட்டில் சுரபுன்னை என்ற இன்னொரு வகை அலையாத்தியை நட்டது. முருங்கைக்காய் மாதிரி நீண்ட அந்த விதைகளை வரிசையாகக் குத்தி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடையில் கருகிய குச்சிகள்தான் மிச்சம். இருக்கிற சேற்றைக் காப்பாற்றுவதும் தண்ணீருக்கு வழி விடுவதும்தான் முதல் வேலை. இறால் பண்ணைக்காகத் தோண்டினால் பல நூறு வருடச் சேமிப்பு காற்றோடு சேர்ந்து போய்விடும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. வழக்குப் போட்டவர் காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா. அந்தத் தீர்ப்பு நிலத்தையும் குடிநீரையும் பற்றியது. அவர் காத்த கரையின் மண்ணுக்குள் இந்தக் கார்பனும் இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

அடுத்த முறை போனபோது அப்பாவையும் கூட்டிப்போனேன். தான் வெட்டிய கிளை வாய்க்காலை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். இருபுறமும் கண்டல் தலை தட்டி நின்றது. துடுப்பை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். பாதிகூட இறங்கவில்லை.

"தூர்ந்து போச்சும்மா. வாரணும்" என்றார். ஊரில் யார் யாரைக் கூப்பிடலாம் என்று, திரும்பி வரும் வழியெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்.