அதிர்ச்சி யாருக்கு?

2014 ஜூன் 11 அன்று காலை, ஒரு மாலை நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நான் தனியாளாக இருந்தேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், பழமைவாதிகளின் (கன்சர்வேடிவ்) கட்சியான குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவரான எரிக் கேன்டர், வர்ஜீனியாவின் 7ஆவது தொகுதியில் மீண்டும் போட்டியிடும் வாய்ப்பையே இழந்துவிட்டார் என்ற ஏஜென்சி செய்தி வந்தது. கட்சித் தலைமை பட்டியல் வெளியிட்டு வேட்பாளரை அறிவிக்கும் முறைக்குப் பழகிய வாசகருக்கு, வேட்பாளரையே வாக்காளர் தேர்ந்தெடுக்கும் தேர்தல் ஒன்று உண்டு என்பதை விளக்கவே இரண்டு பத்தி செலவாயிற்று. அந்த அலுப்பில் தலைப்பைப் பற்றி யோசிக்கவில்லை. 'முக்கியத் தலைவர் தோல்வி: பழமைவாதிகள் அதிர்ச்சி' என்று போட்டுப் பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

அச்சான முதல் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலைமை உதவி ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். "தோத்தவர் யாரு தம்பி?" என்றார். பழமைவாதி என்றேன். "ஜெயிச்சவர்?" அவரும் பழமைவாதிதான், இன்னும் தீவிரமானவர். "அப்புறம் அதிர்ச்சி யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அடுத்த பதிப்புக்காக அந்தச் செய்தியை முழுமையாகப் படித்தபோதுதான், நான் ஒரே சொல்லில் அடைத்த கூட்டம் எத்தனை துண்டாகக் கிடந்தது என்று தெரிந்தது. கேன்டரின் சொந்தக் கருத்துக்கணிப்பு அவர் 34 புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகச் சொல்லியிருந்தது. ஆனால் கல்லூரிப் பொருளியல் பேராசிரியரான டேவ் பிராட், ஏறத்தாழ 36 ஆயிரம் வாக்குகளுடன் 11 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தார். அடுத்த சபாநாயகர் என்று கருதப்பட்டவரை இழந்த கட்சித் தலைமையும் நன்கொடையாளர்களும் உறைந்துபோயிருக்க, வானொலி விவாதக்காரர்களோ கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான லாரா இங்க்ரம், பிராட்டுக்காக மேடையேறிப் பேசியவர். சட்டவிரோதக் குடியேறிகளுக்குச் சட்ட அங்கீகாரம் தரக் கேன்டர் இணங்கியதற்குக் கிடைத்த தண்டனை இது என்பது அவர்கள் வாதம். ஆனால் குடியேற்றச் சீர்திருத்தத்தை வெளிப்படையாக ஆதரித்த அதே கட்சியின் செனட்டர் லிண்ட்சே கிரஹாம், அதே நாளில் தென் கரோலினாவில் நடந்த வேட்பாளர் தேர்வில் எளிதாக வென்றிருந்தார். ஆகவே, கேன்டர் தொகுதியை மறந்து பெருநிறுவனங்களோடு நெருங்கியதுதான் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். வர்ஜீனியாவில் இந்த வேட்பாளர் தேர்வில் எந்தக் கட்சி ஆதரவாளரும் வாக்களிக்கலாம் என்பதால் ஜனநாயகக் கட்சியினர் புகுந்து கவிழ்த்துவிட்டதாகக் கேன்டரின் கணிப்பாளர் சொன்னார்; கணிப்பு பொய்த்தவர் வேறென்ன சொல்வார்! எனக்கு வேடிக்கையாகப் பட்டது இன்னொன்று. பிராட்டுக்காகப் பெரிதாகப் பணம் செலவிடாத வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த பழமைவாத இயக்கமான 'டீ பார்ட்டி'யின் தேசிய அளவிலான அமைப்புகளும், முடிவு வந்ததும் இது தங்கள் இயக்கத்தின் வெற்றி என்று அறிக்கை விட்டன.

தலைப்பை 'சொந்தக் கட்சி வாக்காளரிடம் தோற்றார் கேன்டர்' என்று மாற்றினேன். ஒரு கட்சியின் தோல்வியை இன்னொரு கட்சியின் வெற்றியாக எழுதியே கை பழகியிருந்ததால், ஒரே முகாமுக்குள் ஒருவர் மகிழ்ச்சியும் இன்னொருவர் துக்கமும் ஒன்றாக இருக்கலாம் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. 'பழமைவாதி' என்ற சொல்லும் அதற்குத் துணைபோனது. தமிழில் அது எப்போதும் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டும் சொல்லாகவே ஒலிக்கிறது. அதற்குள் தொழிலதிபரும் தேவாலயக்காரரும் வரியை வெறுப்பவரும் எல்லையில் வேலி கேட்பவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிவதில்லை.

2018 நவம்பரில் அதே பிராட், ஜனநாயகக் கட்சியின் அபிகெய்ல் ஸ்பேன்பெர்கரிடம் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். அன்று செய்தியை எழுதிய இளைஞர் திரையை என் பக்கம் திருப்பி, "பழமைவாதிகளுக்குப் பின்னடைவுன்னு போடலாமா சார்?" என்று கேட்டார். எந்தப் பழமைவாதிகளுக்கு என்று கேட்டேன். அவர் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, மறுபடியும் முதல் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.